சிவப்பு டேப் சுற்றிய முனை

அந்த வயர்ச் சுருளைப் போன மாதம் மறுபடியும் கையில் எடுத்தேன். ஜேர்மனியில், டோர்ட்மண்ட் நகரில், அக்காவும் அத்தானும் நெடுங்காலம் மூன்றாம் மாடியில் குடியிருந்தார்கள். அத்தானின் முழங்கால்கள் படியேற மறுத்துவிட்டதால், இரண்டு தெரு தள்ளிக் கீழ்த்தளத்தில் ஒரு சிறிய வீட்டுக்கு மாறினார்கள். பழைய வீட்டின் நிலவறையை ஒழிக்கும் வேலை என் பங்குக்கு வந்தது. உடைந்த சைக்கிள், பிள்ளைகளின் பனிச் சப்பாத்துகள், ஒருபோதும் திறக்காத தேநீர்க் கோப்பைப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் பின்னால், சாம்பல் நிறக் கம்பளித் துணி ஒட்டிய அந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் இருந்தன. ஒரு பெட்டியின் மேல் வயர் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. சாதாரண வெள்ளை வயர். மேசை விளக்குக்குப் பூட்டுகிற இனம். உள்ளே மண்ணிறத்தில் ஒரு இழை, நீலத்தில் ஒரு இழை. மண்ணிற இழையின் ஒவ்வொரு முனையிலும் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் ஓரங்கள் கறுத்து, பசை வெளியே வந்து, தூசியோடு சேர்ந்து இறுகிவிட்டிருந்தன. அதைக் கண்டதும் எனக்குப் பழைய கோபம் திரும்பி வந்தது.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. சிறுவயதிலிருந்தே அப்படித்தான். சபையில் நாலு பேர் பார்த்தால் பின்னுக்குப் போய் நின்றுவிடுவேன். படிப்பும் ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. ஆகவே இதை எழுதுவதே எனக்குப் பெரிய வேலை. ஆனால் சொல்லி நம்பாதவர்களுக்கு இனி எழுதித்தான் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எண்பதுகளில் அகதியாக இங்கே வந்தவர். ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அந்த உணவகத்தில் அவருடைய பெயரை ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை. கூப்பிட வேண்டுமென்றால் கரண்டியால் தட்டுவார்களாம். ஆனால் தொண்ணூறுகளில் எங்கள் சனத்துக்கு ஒரு பிறந்தநாள், ஒரு சாமத்தியச் சடங்கு, ஒரு திருமணம் என்றால் அத்தான் இல்லாமல் மைக் பேசாது. இந்த இரண்டு பெட்டிகளையும் ஒரு அம்பிளிஃபயரையும் பழைய சாமான் சந்தையில் தேடி வாங்கி வைத்திருந்தார். பெட்டிகளை ஏற்றிய வான் வண்டியிலிருந்து அவர் இறங்கும்போது, மண்டபத்து வாசலில் நிற்கிறவர்கள் "சவுண்ட் அண்ணை வந்திட்டார்" என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவருடைய முதுகு நிமிரும். கழுத்தில் ஒரு வயரை மாலைபோலப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மேடைக்கு நேரே போவார். என்னை இந்த நாட்டுக்கு எடுப்பித்தவரும் அவர்தான். முதல் குளிருக்கு எனக்கு ஜாக்கெட் வாங்கித் தந்தார், தன் வீட்டில் இடம் தந்தார், என் அகதி விண்ணப்ப அலுவலுக்கு, இங்கே ஆன்ட்ராக் என்பார்கள், மொழிபெயர்க்க என்னோடு அலைந்தார். இவற்றை நான் மறைக்கவில்லை. மறைக்க முடியாததால்தான் அந்த நாட்களில் என் வாய் பாதி அடைபட்டுக் கிடந்தது.

அவருக்கு ஒரு வாடிக்கைப் பேச்சு உண்டு. ஊரில் மின்சாரப் பிளக்குக்கு மூன்று கால். ஒரு விதமாகத்தான் சுவரில் நுழையும், மாறிக் குத்த முடியாது. இங்கே பிளக்குக்கு இரண்டு கால்தான். தலைகீழாகத் திருப்பிக் குத்தினாலும் விளக்கு எரியும். வந்த புதிதில் அது அவருக்குப் பெரிய அதிசயமாக இருந்ததாம். அதிலிருந்து ஒரு தத்துவமே உண்டாக்கி வைத்திருந்தார். "ஊரிலை எல்லாத்துக்கும் ஒரு முறை, ஒரு பக்கம். இது ஜேர்மனி. எப்பிடிக் குத்தினாலும் எரியும்" என்பார். பிள்ளையைப் பெயர்மாற்றிக் கூப்பிட்டாலும் அதைத்தான் சொல்லுவார், சப்பாத்தை இடம்வலம் மாற்றிப் போட்டாலும் அதைத்தான் சொல்லுவார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

இனி அக்கா. மன்னாரில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் தவக்காலத்தில் பசாம் பாடுவார்கள். ஆண்டவருடைய பாடுகளை நினைத்துப் பாடுகிற நெடிய புலம்பல் பாட்டுகள். முதற்குரல் ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து இழுப்பார்கள். ஊரைவிட்டு வருமுன் கடைசி வருடங்களில் எங்கள் கோயிலின் முதற்குரல் அக்காதான். மின்சாரம் வெட்டப்பட்டிருந்த காலம் அது. மைக் இல்லை. அந்தக் குரல் கோயில் முழுவதும் நிறைந்து, வெளியே வெயிலில் நிற்கிற ஆம்பிளைகளைத் தொப்பி கழற்ற வைக்கும். கணீர் என்ற குரல் என்று சொல்லமாட்டேன். கீழே கனமான குரல். நெஞ்சில் கை வைத்தால் அதிரும். டோர்ட்மண்டில் மாதம் ஒரு முறை தமிழ்ப் பூசை நடக்கும். அக்கா வந்து சேர்ந்து, அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகளும் பிறந்ததால் பாட்டுக்குழுவின் பின்வரிசையில் கைக்குழந்தையோடு நின்று கூட்டத்தோடு பாடிக்கொண்டிருந்தார். அடுத்த தவக்காலத்தில் முதன்முறையாக இங்கேயும் பசாம் பாடுவது என்று தீர்மானித்தார்கள். முதற்குரல் யார் என்பதை ஒளிவிழாவில் தனிப்பாட்டுக் கேட்டு முடிவு செய்யலாம் என்று பாட்டுக்குழுத் தலைவர் சொன்னார். ஒளிவிழா என்பது நத்தாரை, அதாவது கிறிஸ்மஸை, ஒட்டி எங்கள் சனம் மண்டபம் எடுத்துச் செய்கிற கலைவிழா. இரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். ஒன்று அக்கா. மற்றது அத்தானின் தங்கை.

விழா வரையான அந்த மூன்று வாரமும் அக்காவை நான் பார்த்தேன். சோறு வடிக்கும்போது, குழந்தைக்கு நாப்பி மாற்றும்போது, ஜன்னலைத் திறந்து போர்வை உதறும்போது அவருடைய உதடுகள் அசைந்தபடி இருக்கும். கீழ்வீட்டு ஜேர்மன்காரிக்குக் கேட்கக்கூடாது என்று சத்தத்தை விழுங்கிப் பழகினார். "இதொண்டுதான் எனக்கெண்டு நான் கொண்டுவந்த சாமான்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். சூட்கேசில் வந்தது எல்லாம் அத்தான் வீட்டாருக்கென்று அம்மா கட்டித் தந்த சாமான்கள். அக்காவுக்கென்று வந்தது தொண்டை மட்டும்.

ஒளிவிழா ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். ஜேர்மன் பங்குக்கோயில் ஒன்றின் மண்டபம். வழக்கமான மண்டபத்தைவிட மேடை அகலம் கூட. அத்தான் எப்போதும் பாவிக்கிற வயர் எட்டவில்லை. அதனால் விளக்குக்கான இந்த வெள்ளை வயரை வெட்டி, இரண்டு பெட்டிகளுக்கும் இழுத்தார். மறுமுனையைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் நான். பெட்டியின் பின்புறத்தில் இரண்டு கவ்விகள் இருக்கும், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. அழுத்தினால் வாய் திறக்கும், இழையைச் செருகி விட்டால் கவ்விக்கொள்ளும். வலப்பக்கப் பெட்டியில் அத்தான் மண்ணிற இழையைச் சிவப்பில் செருகினார். இடப்பக்கப் பெட்டிக்கு வந்ததும், முன்வரிசையில் இருந்த யாரோ கூப்பிட, அவரோடு கதைத்துக்கொண்டே மண்ணிறத்தைக் கறுப்பில் செருகினார்.

"அத்தான், அங்காலைப் பெட்டியிலை மண்ணிறம் சிவப்புக்கை போனது. இதிலை கறுப்புக்கை போகுது" என்றேன்.

அத்தான் என்னைப் பார்க்கவில்லை. முன்வரிசையைப் பார்த்துத்தான் சொன்னார். "கண்டியளோ, எஞ்சினியர் அம்மா ஆஹென் யூனிவேர்சிற்றியிலை படிச்சிட்டு வந்து நிக்கிறா. பிள்ளை, இது ஜேர்மனி. எப்பிடிக் குத்தினாலும் எரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று குசினிப் பக்கம் போய், சனத்துக்குக் கொடுக்கிற றோல்ஸ் தட்டை எடுத்துக்கொண்டேன்.

குசினி வாசல் இடப்பக்கப் பெட்டிக்கு நேரே இருந்தது. அக்கா மேடையேறியபோது நான் அங்கேதான் நின்றேன். அவர் ஊதா நிறச் சேலை உடுத்தி, மைக்கைச் சரியாக, வாய்க்குக் கொஞ்சம் கீழே பிடித்திருந்தார். பாடத் தொடங்கினார். அதே குரல். கீழே கனமான, நெஞ்சை அதிரவைக்கிற அதே குரல், என் பக்கத்துப் பெட்டியிலிருந்து வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோசத்தில்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு நடுவழியால் முன்வரிசைக்குப் போனேன். பூசை வைக்கிற சுவாமியாரும் தலைவரும் குழுவில் இருந்தவர்களும் மண்டபத்தின் நட்டநடுவில் இருந்தார்கள். நடுவுக்கு வர வர அக்காவின் குரல் மெலிந்தது. நடுவில் நின்றபோது குரலே இல்லை என்று சொல்லலாம். உதடு அசைவது தெரிகிறது. எங்கோ சுவருக்குப் பின்னால் யாரோ தகரத்துக்குள் பாடுவதுபோல ஒரு மெல்லிய சத்தம், அதுவும் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் மிதக்கிறது. கீழ்க்கனம் முழுவதும் போய்விட்டது. நான் பயந்துபோய்த் தட்டோடு திரும்பி வாசலுக்கு நடந்தேன். குரல் வந்தது. மறுபடி நடுவுக்குப் போனேன். போய்விட்டது. ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை. நான் அந்த வழியில் விசரி மாதிரிப் போய் வந்துகொண்டிருந்தேன்.

தலைவர் சுவாமியாரின் பக்கம் சாய்ந்து, "பாவம், பிள்ளை பெத்த உடம்பு. காத்துத்தான் வருது" என்றது எனக்குக் கேட்டது. பின்னால் ஒரு பெண், "மன்னார்க் குயிலெண்டு சொன்னினம். குயிலுக்குத் தடிமன் பிடிச்சுத் தொண்டை அடைச்சிட்டுது போலை" என்றாள். சுற்றியிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அத்தான் அம்பிளிஃபயரின் திருகைக் கூட்டினார். கூட்டியும் நடுவில் குரல் ஏறவில்லை. மைக் ஊளையிட்டது. அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியாது. மேடைக்குக் கீழே நின்று, எல்லோருக்கும் கேட்க, சொந்த மனைவியைப் பார்த்து, "இஞ்சரும், வாயை வடிவாய்த் திறந்து பாடும்! சாப்பிடேல்லையோ?" என்றார். மண்டபம் முழுவதும் சிரித்தது. அக்கா மிச்சப் பாட்டையும் பாடி முடித்தார். இடையில் நிறுத்தவில்லை. முடித்துவிட்டு மைக்கைத் தாங்கியில் மெதுவாக வைத்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்து, கையொலி வரும் என்று ஒரு நிமிடம் நின்றார். நாலைந்து பேர் தட்டினார்கள். பாவம் பார்த்துத் தட்டுகிற தட்டு எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

தேநீர் இடைவேளைக்கு விட்டார்கள். அப்போது மண்டபத்தைப் பராமரிக்கிற ஹவுஸ்மைஸ்டர், சாவிக்கொத்தோடு திரிகிற வயதான ஜேர்மன் மனிதர், ஊளைச் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். அம்பிளிஃபயரைப் பார்த்தார். வலப்பெட்டியின் பின்னால் குனிந்து பார்த்தார், பிறகு இடப்பெட்டியின் பின்னால். "ஃபால்ஷ் ரும்" என்றார், மாறிப்போய் இருக்கிறது என்று அர்த்தம். அத்தானுக்கு விளங்கவில்லை என்று நினைத்து, தன் இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் பிடித்து, மாறி மாறி ஆட்டிக் காட்டினார். ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் போகிறது. ஒன்று கொடுப்பதை மற்றது தின்றுவிடுகிறது. பிறகு கைகளைச் சேர்ந்தாற்போல முன்னால் தள்ளிக் காட்டினார். இப்படி இருக்க வேண்டும். அந்த மொழியில் எனக்கு நாலு சொல் தெரியாத காலம், ஆனாலும் எனக்கு விளங்கியது. இடப்பெட்டியின் கவ்விகளை அழுத்தி, இழைகளை இழுத்து, மாற்றிச் செருகிவிட்டு, அத்தானின் தோளில் தட்டிவிட்டு அவர் போனார். அத்தான் தலையாட்டினார். அருகில் வேறு யாரும் இல்லை. பிளாஸ்டிக் கோப்பைகளோடு நான் மட்டும் நின்றேன்.

இடைவேளைக்குப் பிறகு அத்தானின் தங்கை பாடினாள். அவளில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல குரல், சுத்தமாகப் பாடினாள், அவளுக்கு எதுவும் தெரியாது. அவளுடைய முதல் சொல்லே மண்டபத்தின் நடுவில் முழுசாக வந்து இறங்கியது. சுவாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தீங்களே, அதே மைக், அதே பெட்டி" என்றார் தலைவர். அதே மைக், அதே பெட்டி. அந்த வசனத்தை அன்று எத்தனையோ பேர் வாயில் கேட்டேன். அத்தான் அம்பிளிஃபயருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரோ அவரைப் பாராட்ட, "எங்கடை வீட்டுப் பக்கக் குரல் எல்லாம் அப்பிடித்தான்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பார்த்த வேகத்திலேயே கண்ணை எடுத்துக்கொண்டார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் அக்கா குழந்தையின் தொப்பியில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். நான் அவருடைய காதுக்குள் எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் கேட்டது, நடுவில் கேட்காதது, சாவிக்கொத்து மனிதர், கைகள். அக்கா என் கையைத் தடவினார். "உனக்கு என்னிலை பாசம். அதாலை உனக்குக் கேட்டிருக்கு" என்றார். "இவர் இத்தினை வருசமாய்ச் செய்யிற வேலை. பிழையெண்டால் இவருக்குத் தெரியாமல் இருக்குமே? எனக்குத்தான் மூச்சுக் காணேல்லை."

அத்தான் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். வயர் மாறிப்போச்சு. அவ்வளவுதான். அக்கா நம்பக்கூடிய வாய் உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

மறுநாள் திங்கள். உணவகத்துக்கு ஓய்வு. காலையில் அத்தான் குசினி மேசையில் வயர்ச் சுருளைக் கொண்டுவந்து வைத்தார். மேசையின் மறுபக்கத்தில் அக்கா வீங்கிய கண்ணோடு பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "இஞ்சரும், கத்தரிக்கோலை எடுத்து இதிலை சின்னச் சின்னத் துண்டாய் வெட்டித் தாரும்" என்று ஒரு சிவப்பு டேப்பை நீட்டினார் அத்தான். அக்கா பருப்பைத் தள்ளி வைத்துவிட்டு, துண்டு துண்டாக வெட்டி மேசை விளிம்பில் வரிசையாக ஒட்டினார். அத்தான் ஒவ்வொன்றாக எடுத்து மண்ணிற இழையின் முனைகளில் சுற்றினார். என்னத்துக்கு என்று அக்கா கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இனி ஒருநாளும் மாறிப்போகக்கூடாது என்று அடையாளம் வைக்கிற மனிதன், என்ன மாறிப்போனது என்பதை எதிரில் இருந்து டேப் வெட்டித் தருகிறவளுக்குச் சொல்லவில்லை.

குழந்தை அழுது அக்கா எழுந்து போனதும் நான் கேட்டேன்.

"அத்தான், அந்த மனிசன் மாத்திக் கொழுவினாப் பிறகுதானே சத்தம் வந்தது?"

"அதுக்கு இப்ப என்ன?"

"அக்காவிட்டைச் சொல்லுங்கோ. தலைவரிட்டையும் சொல்லுங்கோ. அக்காவின்ரை குரலிலை பிழையில்லை, வயர்தான் எண்டு."

அவர் டேப்பைப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார். "சவுண்ட் அண்ணைக்கு வயர் கொழுவத் தெரியாதாம் எண்டு சனம் சிரிக்க வேணும். அதுதானே உனக்கு வேணும்?"

"அக்கா அழுகிறா."

"ரெண்டு நாளிலை மறந்திடுவா. பாட்டென்ன, சோறே? இல்லாட்டில் செத்துப் போவாவே?" பிறகு குரலைத் தாழ்த்தி, "உன்ரை ஆன்ட்ராக் அலுவல் கிடக்கு. வியாழக்கிழமை வரச்சொல்லி டெர்மின் தந்திருக்கிறாங்கள். அதைப் பற்றி யோசி, பிள்ளை" என்றார்.

அவர் என்னை மிரட்டினார் என்று நான் எழுதமாட்டேன். வியாழக்கிழமை அவர் அலுவலகத்துக்கு என்னோடு வந்தார், எனக்காகக் காத்திருந்து கதைத்தார், திரும்பும் வழியில் சூடாகச் சொக்கலேட் பால் வாங்கித் தந்தார். ஆனாலும் அடுத்த மாதப் பூசை முடிந்ததும், வாழ்க்கையில் முதல்முறையாக, நானாகப் போய்த் தலைவரின் முன்னால் நின்றேன். வயர் மாறியதைச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "அக்காவுக்காகக் கதைக்கத்தான் வேணும், பிள்ளை. நல்ல குணம்" என்றார். என் முதுகில் தட்டினார். கொஞ்சம் தள்ளி நின்ற அத்தானைப் பார்த்து, "உங்கடை மச்சாள் வயர்மேன் வேலைக்கு வாறாவாம்" என்று பகிடி விட்டார். அத்தானும் சிரித்தார். அவருக்கு உண்மை தெரியும், நான் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அந்த மனிதர் சிரித்தார்.

தவக்காலத்தில் தங்கை முதற்குரல் எடுத்தாள். அதற்கடுத்த வருடமும் அவளே. அக்கா பாட்டுக்குழுவின் பின்வரிசையிலும் நிற்கவில்லை. பிள்ளைகள் குழப்படி என்று வாசலில் நின்று பூசை பார்த்தார். வீட்டிலும் பாடவில்லை. தாலாட்டுக்கூட முணுமுணுப்பாகத்தான். வளர்ந்த பிறகு மூத்த மகள் பள்ளிக்கூடப் பாட்டுக்குழுவில் சேர்ந்தபோது, "எங்கடை குடும்பத்திலை ஒருத்தரும் பாடமாட்டினம், எனக்கு எங்காலை வந்தது?" என்று கேட்டாள். அக்கா, "உன்ரை மாமியாலை வந்தது" என்றார். மாமி என்றால் அத்தானின் தங்கை. நான் அந்த மேசையில்தான் இருந்தேன். அத்தானும் இருந்தார். அவர் மீனின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

இத்தனை வருடத்தில் அவரை விளங்கிக்கொள்ள முயன்றிருக்கிறேன். கரண்டியால் தட்டிக் கூப்பிடுகிற இடத்திலிருந்து வருகிற மனிதனுக்கு, "சவுண்ட் அண்ணை" என்ற சொல் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். நானும் இந்த நாட்டில் பிறர் அழுக்கைத் துடைத்துத்தான் வாழ்ந்தேன். ஆனால் விளங்கியதால் கோபம் ஆறவில்லை. அவருடைய மரியாதை நிமிர்ந்து நிற்பதற்கு அக்காவின் குரலைத்தான் அடியில் முட்டுக் கொடுத்திருந்தார். பிழை விடாதவர் யார். வயர் மாறியது பிழை, அதற்கு நான் அவரைக் கோபிக்கவில்லை. டேப் சுற்றியதைத்தான் கோபிக்கிறேன்.

போன மாதம் அந்தப் பெட்டிகளைக் குப்பைக்குப் போடப் போனேன். அத்தான் விடவில்லை. "எறியாதை, பிள்ளை. புது வீட்டு ஹோலிலை வைப்பம்" என்றார். புது வீட்டில் சோபாவைப் போட்டதும், அதற்கு எதிரே இரண்டு பக்கமும் பெட்டிகளை நிறுத்தினோம். அத்தானின் விரல்களுக்கு இப்போது உணர்ச்சி குறைவு. நீரிழிவு, சீனி வருத்தம். அதனால் நான் தரையில் மண்டியிட்டு வயரை எடுத்தேன். அக்கா குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். அத்தான் சோபாவின் நடுவில் இருந்து கையை நீட்டிச் சொன்னார்.

"பாத்துக் கொழுவு, பிள்ளை. சிவப்பு டேப் சிவப்புக்கை. மாறிக் கொழுவினியெண்டால் நடுவிலை இருக்கிறவனுக்கு ஒண்டும் கேளாது."

நான் வயரைக் கையில் வைத்தபடி நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். ஒரு தயக்கம் இல்லை, ஒரு குரல் மாற்றம் இல்லை. நேற்றுப் படித்த பாடம் மாதிரி, என்னிடமே சொல்லுகிறார்.

"அக்காவுக்கு நடந்தது போலையோ, அத்தான்?"

அவர் குசினிக் கதவைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஓம். அண்டைக்கு வயர்தான் மாறினது" என்றார்.

"எனக்கு ஏன் சொல்லுறியள்? எனக்கு அண்டைக்கே தெரியும். அக்கா குசினிக்கை நிக்கிறா."

குசினிக் கதவு திறந்துதான் கிடந்தது. அவர் எழும்பவில்லை. அக்காதான் தட்டோடு வந்தார். அத்தானின் கோப்பையை அவர் முன்னால் வைத்தார். "என்ன, ரெண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறியள்?"

"ஒண்டுமில்லை. வயர் கொழுவினனாங்கள்" என்றார் அத்தான்.

அப்போது எனக்குள் ஏதோ அறுந்தது. வலப்பெட்டியில் மண்ணிறத்தைச் சிவப்பிலும், இடப்பெட்டியில் அதே மண்ணிறத்தைக் கறுப்பிலும் செருகினேன். அக்காவை அத்தானுக்குப் பக்கத்தில், நடுவில் இருத்தினேன். வயரின் மறுமுனைகளை வானொலியில் பூட்டி, அதைப் போட்டேன். ஒரு பெண் செய்தி வாசித்தாள். சின்ன அறை, மண்டபத்தில்போல முற்றாகக் குரல் அழியாது. ஆனாலும் கீழ்க்கனம் போய், தகரத்துக்குள் பேசுவதுபோல மிதந்தது. "இஞ்சாலை வாங்கோ அக்கா" என்று கையைப் பிடித்து இடப்பெட்டியடியில் கொண்டுபோய் நிறுத்தினேன். குரல் முழுசாக வந்தது. மறுபடி நடுவில் இருத்தினேன். போய்விட்டது. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று பஸ்ஸில் சொன்னதை அவர் மறக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"இவருக்கு இது எப்ப தெரியும்?" என்று என்னைத்தான் கேட்டார்.

நான் இடப்பெட்டியிலிருந்து வயரை இழுத்து, சிவப்பு டேப் சுற்றிய முனையை அவரிடம் நீட்டினேன். அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார். டேப் உரியவில்லை.

"இந்தத் துண்டை நான்தானே வெட்டித் தந்தனான்" என்றார்.

"இஞ்சரும்..." என்றார் அத்தான்.

அக்கா வயரைத் தரையில் வைத்தார். அத்தான் தொடாமல் வைத்திருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். தேத்தண்ணியை ஊற்றுகிற சத்தம் கேட்டது. குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. நான் மண்டியிட்டு இடப்பெட்டியின் கவ்வியை அழுத்தி, சிவப்பு டேப்பைச் சிவப்பில் செருகினேன். செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல் அறையின் நடுவில், அத்தான் இருந்த இடத்துக்கு நேரே, முழுசாக வந்து நின்றது. "நிப்பாட்டு, பிள்ளை" என்றார் அத்தான். நான் நிப்பாட்டவில்லை.